பாதி இறங்கிய படம்

அந்தத் தெருவில் ஹெட்ஃபோன் அக்கா என்றால்தான் அவளைத் தெரியும். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் பதிவுசெய்து அனுப்புவார்கள். அதைக் காதால் கேட்டு, கையால் எழுத்தாக்கித் தருவது அவள் வேலை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இரண்டு காதையும் மூடிக்கொண்டாள் என்றால், அப்புறம் இடி விழுந்தாலும் திரும்பமாட்டாள். கூரியர்காரர் மணியடித்து அலுத்துப்போய் மாமியாரிடம் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போவார். சோறு போடுகிற வேலை, குறை சொல்ல நாம் யார்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் காலையில் வேலைக்கென்று கிளம்பியவன் திரும்பி வரவில்லை. ஃபோன் அணைந்து கிடந்தது. போலீஸ், ஆஸ்பத்திரி, கூட வேலை பார்த்தவர்கள் வீடு என்று அவள் ஏறி இறங்காத படி இல்லை. முந்தின நாள் சாயங்காலம் அவன் அவள் பின்னால் வந்து நின்று ஏதோ சொல்லியிருக்கிறான். அவள் ஒரு பக்கக் காதை மட்டும் விடுவித்து, "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல, நீ வேலையப் பாரு" என்றுவிட்டு நகர்ந்துவிட்டான். பாவி, இன்னொரு தரம் சொல்லியிருக்கக் கூடாதா. அந்த ஒண்ணுமில்ல அவளைப் பிடித்துக்கொண்டது. பாத்திரம் தேய்க்கும்போதும் கேட்டது, குளிக்கும்போதும் கேட்டது. அதற்கு முன்னால் அவன் சொன்னதுதான் எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அதிலும் இரண்டு கட்சி. மகன் எங்கேயோ இருக்கிறான் என்பது மாமியார். இல்லை என்பது இவள். "உயிரோட இருந்தா ஒரு தடவையாவது வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்காம இருப்பாரா அத்தை?" என்று கேட்பாள். கல்நெஞ்சம் என்று நினைத்துவிட வேண்டாம். செத்துப்போனான் என்றால் அழுது தீர்த்துவிட்டு எழுந்துவிடலாம். விட்டுவிட்டுப் போனான் என்றால் ஏன் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியோடு ஒரே வீட்டில் குடியிருக்க அவளுக்குத் தெம்பில்லை.

அவன் போன பிறகு அவள் வீட்டுக்கென்று வாங்கியது ஒரே ஒரு பொருள், ஜன்னலுக்கு மஞ்சள் திரைச்சீலை. அதற்குமுன் அந்த ஜன்னல் வெறுமனேதான் கிடந்தது. வேலை பார்க்கும்போது யாரோ பின்னால் நின்று பார்ப்பது போலப் பிடரி கூசியது. வெளிச்சம் வேண்டுமே என்று பாதியைத் திறந்துவைத்தாள். கூச்சமும் பாதிதான் போனது.

லேப்டாப் அவன் வாங்கியது, அவனுக்குப் பின் அதில்தான் அவள் பிழைப்பு. பழைய சிஸ்டத்தில் இனிமேல் எங்கள் மென்பொருள் ஓடாது, புதியதை ஏற்றுங்கள் என்று கம்பெனி சொன்னது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தவள், வேறு வழியில்லாமல் ஒருநாள் சரி என்ற பொத்தானை அமுக்கினாள். அன்றோடு நிம்மதி போயிற்று. ஒரு வரி அடித்தால் எழுத்து ஆற அமர வந்து நிற்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை அப்படியே உறைந்துவிடும். அம்புக்குறி அசையாது. உள்ளே விசிறி மட்டும் மூச்சு முட்டியவன் மாதிரி இரைக்கும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலத் தானாகவே தெளியும்.

அவள் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். அணைத்துப் போட்டாள். பழைய கோப்புகளைத் துடைத்து இடம் ஒழித்தாள். வேண்டாத புரோகிராம்களை நீக்கினாள். எதற்கும் மசியவில்லை. விசிறி இரைக்கும்போதெல்லாம் மாமியார் பக்கத்தில் வந்து நின்று, "எதுக்கோ தவிக்குதும்மா இது" என்பார். சும்மா இருங்க அத்தை என்று இவள் எரிந்து விழுவாள். இதற்கிடையில் கம்பெனி, இன்னொரு முறை தாமதமானால் வேலை வேறு ஆளுக்குப் போகும் என்று சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் கடைத்தெருவிலிருந்து திருகாணியை வரவழைத்தாள்.

திருகாணி என்பது லேப்டாப் பழுது பார்க்கிறவனுக்கு ஊர் வைத்த பெயர். நாலு பேர் பேச்சை ஒருவனே பேசுவான், கை மட்டும் சுத்தம். ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தான், இருந்தது. சூடேறுகிறதா என்று அடியில் தடவினான். மெஷினைத் திறந்ததும் தானாகக் கிளம்புகிற புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தான். ஒன்றை நிறுத்தியதும் விசிறி அடங்கியது. திரும்ப ஓடவிட்டான், இரைத்தது.

"அக்கா, இதுல ஒரு ஃபோன் சேந்திருக்கே, யாருது?"

அது கணவனுடைய ஃபோன், அவன் செய்துவைத்த ஏற்பாடு. ஃபோனில் எடுக்கிற படமெல்லாம் வீட்டு வைஃபைக்குள் வந்ததுமே லேப்டாப்பில் இறங்கிவிடும். லிஃப்ட்டின் கம்பி, கப்பி, கிரீஸ் என்று எடுத்துத் தள்ளுவான். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தனையும் இங்கே வந்து சேர்ந்துவிடும், வந்தது யார் என்று நிமிர்ந்து பார்க்காமலே அவள் தெரிந்துகொள்வாள்.

"ஒரு படம் பாதியில நிக்குதுக்கா. பழைய சிஸ்டம் கண்டுக்காம விட்டிருக்கு. புதுசு அப்படி விடமாட்டேங்குது. மீதியக் குடுன்னு அந்த ஃபோனைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. பதில் வரல. அந்த நேரத்துலதான் உறைஞ்சு போகுது. அழிச்சிரவா?"

முதலில் திறந்து காட்டச் சொன்னாள். வந்த வரைக்கும்தான் தெரியும், கீழே சாம்பல் நிறமாக இருக்கும் என்றபடியே திறந்தான்.

மேல் பாதியில் ஓர் ஓட்டுக்கூரை விளிம்பு, அதன் கீழ் ஒரு ஜன்னல், பாதி ஒதுக்கிய மஞ்சள் திரைச்சீலை. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் பின்னந்தலை. தலைமேல் கறுப்புப் பட்டை. காது தெரியவில்லை.

அவன் போன பிறகு வாங்கிய அந்தத் திரைச்சீலையை அவள் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தாள். திருகாணி படத்தைப் பார்த்தான், ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான், பேச்சை நிறுத்திக்கொண்டான். படத்தைத் தனியாகப் பத்திரப்படுத்திவிட்டு, பாதியில் நின்ற வேலையை மட்டும் நீக்கினான். லேப்டாப் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. ஃபோனின் பெயரையும் எடுத்துவிடவா என்று தணிந்த குரலில் கேட்டான்.

"இருக்கட்டும் தம்பி."

திருகாணி போனதும் அவள் தன் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசல், எதிர்ச்சுவர், பூட்டிக்கிடந்த கடை. விளக்குக் கம்பம் வரைக்கும் வைஃபை இருந்தது. அதைத் தாண்டியதும் போய்விட்டது. ஆக, கணவன் இங்கேதான் நின்றிருக்கிறான். படம் போய்ச் சேருவதற்குள் திரும்பி நடந்திருக்கிறான். உயிரோடு இருந்தால் வரமாட்டாரா என்று அவள் கேட்ட கேள்விக்கு, அவளுடைய முதுகுக்குப் பின்னாலேயே பதில் வந்துவிட்டுப் போயிருக்கிறது. கோபம் வந்தது. வந்தவன் கதவைத் தட்டியிருக்க வேண்டியதுதானே. ஒருவேளை கூப்பிட்டானோ?

உள்ளே போய், ஹெட்ஃபோன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொன்னாள். மாமியாரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, ஒரு டாக்டரின் முணுமுணுப்பை ஓடவிட்டாள். மறுபடி போய் விளக்குக் கம்பத்தடியில் நின்றாள். மஞ்சள் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பின்னந்தலை.

"அத்தை" என்று கூப்பிட்டாள். தலை திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டாள். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார். அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். தலை அப்படியே இருந்தது.

அவள் உள்ளே வந்து ஹெட்ஃபோனைக் கழற்றிய பிறகுதான் மாமியார் நிமிர்ந்தார்.

"கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன் அத்தை."

"காதுல விழவே இல்லியேம்மா."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாமியார் பதறிப்போய் என்ன, என்ன என்று கேட்டார். ஒண்ணுமில்ல என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொல்லவில்லை. படத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீங்க சொன்னதுதான் சரி அத்தை. வந்திருக்காரு."

பிறகு இரண்டு பேருமாக மேசையைத் தூக்கி, ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்கள்.