பெல்ட்டில் ஒரு ரோஸ் பொட்டு

நகப்பாலிஷ் மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி மற்றவர்களுக்குக் கல்யாண வீட்டை ஞாபகப்படுத்துமோ என்னவோ, எனக்கு அதோடு புது ரப்பரும் டீசலும் கலந்த ஒரு வாசனைதான் சேர்ந்து வரும். நகரி ஜாத்திரைத் திருவிழாவில் அழுது அடம்பிடித்து ஒரு ரோஸ் கலர் பாட்டில் வாங்கியிருந்தேன். பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் டீச்சர் விரல் மூட்டில் ஸ்கேலால் போடுவார் என்பதால், திறந்து திறந்து முகர்ந்ததோடு சரி, லீவு விடட்டும் என்று துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். லீவு விட்டதும் போய்ப் பார்த்தால் பாட்டிலைக் காணோம். அக்காதான் எடுத்திருப்பாள் என்று முடிவுகட்டி அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

சந்தேகப்படுவது எங்கள் வீட்டில் பல் துலக்குவது மாதிரி, காலையிலேயே ஆரம்பித்துவிடும். எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், புத்தூரில் சொந்தமாக ஒரு டீசல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பால் வந்தால் முகர்ந்து பார்ப்பார், டீசல் போட்டால் டேங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பார், வேனில் எந்தச் சாமானை மாற்றினாலும் கழற்றின பழசைக் காகிதத்தில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். "பழச வாங்கிக்கினு வரலன்னா புதுச மாட்டினான்னு எப்படி நம்பறது" என்பார். எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் அந்த வழக்கம் உண்டு என்றாலும், அப்படி வந்த இரும்பையும் ரப்பரையும் கட்டிலுக்கு அடியில் சேர்த்து வைத்து, சந்தேகம் வரும்போதெல்லாம் எடுத்துத் தடவிப் பார்க்கிறவர் நைனா ஒருவர்தான்.

அந்த லீவில்தான் வேனுக்கு "டைமிங் பெல்ட்" மாற்றவேண்டி வந்தது. எஞ்சினின் மேல் பல்சக்கரத்தையும் கீழ்ப் பல்சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கிற, உள்பக்கம் பல் வைத்த ரப்பர் வார் அது. அறுந்தாலோ, சில பல் தள்ளி உட்கார்ந்தாலோ, உள்ளே வால்வும் பிஸ்டனும் இடித்துக்கொண்டு எஞ்சினே போய்விடும். மாற்றுகிற நாளுக்கு மறுநாள் விடியற்காலை கங்காதர நெல்லூரிலிருந்து ஒரு குடும்பம், தலைச்சன் பிள்ளைக்கு மொட்டை போட, அலிபிரி வழியாகத் திருமலைக்குப் போக எங்கள் வேனைப் பேசியிருந்தது. அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதை வளைவில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதை நைனா வீட்டில் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மாதான் சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஷெட்டுக்காரர் ரெட்டெப்பா வாங்கினால் டூப்ளிகேட் மாட்டிவிடுவார் என்று, நைனாவே திருப்பதிக்குப் போய் பெல்ட் வாங்கிவந்தார். அதை ராத்திரி தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கினார். ரெட்டெப்பா எனக்கு நினைவு தெரிந்த நாளாய் எங்கள் வேனுக்குக் கை வைத்தவர், அக்கா காதுகுத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவர். அதெல்லாம் நைனாவின் கணக்கில் வராது. காலையில் என்னையும் ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், "நான் டீ குடிச்சிட்டு வர வரைக்கும் அவன் கைய வுட்டுக் கண்ண எடுக்காத" என்று ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டுப் போனார்.

ரெட்டெப்பா எஞ்சினின் முன்மூடியைக் கழற்றினார், பழைய பெல்ட்டை உருவினார், நைனா கேட்பதற்கு முன்பே அதை ஒரு தெலுங்குப் பேப்பரில் சுருட்டி என் மடியில் வைத்தார். "காவலுக்கு வெச்சிட்டுப் போனாரா உங்க நைனா?" என்று சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. புது பெல்ட்டில் கம்பெனியே கோடு போட்டு அனுப்பும், அந்தக் கோட்டைப் பல்சக்கரத்துப் புள்ளிக்கு நேராக வைத்து மாட்டவேண்டும். என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு அவர் மாட்டி முடித்து, இழுவை உருளையைத் தள்ளி இறுக்கி, பெல்ட்டின் நீளமான பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருகிப் பார்த்தார். "கால்வாசி திரும்புனா போதும் பாப்பா. அதுக்கு மேல திரும்புனா லூசு, திரும்பவே இல்லன்னா டைட்டு, ரெண்டும் ஆவாது."

நைனா திரும்பி வந்தபோது ரெட்டெப்பா பெரிய ஸ்பேனரைப் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். சாவி போடுவதற்கு முன்னால் அப்படிச் சுற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். சுற்றின ஸ்பேனர் பாதியில் நின்றது. உள்ளே இரும்பு இரும்பை முட்டும் சத்தம் எனக்கே கேட்டது.

"இன்னா பண்ணி வெச்ச? இருக்கற எஞ்சினையும் தூக்கிட்டியா?" என்று நைனா கத்தினார். விடிந்தால் மலைக்குப் போகவேண்டிய வண்டி அது. ரெட்டெப்பா பெட்ரோல் துணியால் எஞ்சின் உடம்பிலிருந்த பிசுக்கைத் துடைத்துக் குறியைப் பார்த்தார். மேல் சக்கரம் இரண்டு பல் தள்ளி நின்றிருந்தது. பெல்ட்டை உருவி வெளிச்சத்தில் காட்டினார். கம்பெனி போட்ட வெள்ளைக் கோடு மங்கலாய் இருக்க, அதற்குச் சற்றுத் தள்ளிப் பளிச்சென்று ஒரு ரோஸ் பொட்டு இருந்தது.

"நான் இதத்தான் கம்பெனி மார்க்குன்னு நெனச்சிட்டேன். கையால சுத்தாம ஸ்டார்ட் பண்ணியிருந்தா வால்வு மொத்தமும் வளஞ்சிருக்கும். இது யாருண்ணா வெச்சது?"

என் பாட்டில் எங்கே போனது என்று அந்த நொடியில் எனக்கு விளங்கியது. வாங்கின பெல்ட்டை ஷெட்டில் மாற்றிவிடாமல் இருக்க நைனா வைத்த அடையாளம். நைனா ரெட்டெப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாப்பா வெளாட்டுக்கு வெச்சிருக்கும்" என்றார்.

ரெட்டெப்பா என்னைக் கூப்பிட்டு, எண்ணெய்க் கையால் என் கையைப் பிடித்துத் திருப்பினார். பத்து விரலும் வெறும் நகமாய், ஓரத்தில் அழுக்கோடு இருந்தன. பெல்ட்டுக்குப் பொட்டு வைக்கிற பிள்ளை தன் நகத்துக்கு வைத்துக்கொள்ளாமல் இருக்குமா? அதை அவர் கேட்கவில்லை. நைனாவை ஒரு பார்வை பார்த்து, "சரிண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்து மறுபடி மாட்டினார். இந்த முறை ஸ்பேனர் நிற்காமல் சுற்றியது.

வேன் மலையேறி இறங்கியது. அதற்குப் பிறகு ரெட்டெப்பா எங்கள் வேனில் ஒரு போல்ட் கழற்றுவதானாலும், "நீயே வந்து நில்லுண்ணா, அப்பதான் தொடுவேன்" என்பாராம். வீட்டு விசேஷத்துக்கு அழைத்தால் வரவில்லை. நானும் அக்காவோடு பேச ஆரம்பித்தேன், நைனா வாங்கிவந்த பாலை முகர்ந்து பார்க்கவும் ஆரம்பித்தேன். எனக்குக் கோபம் பாட்டிலுக்காக இல்லை. அடுத்த ஜாத்திரையில் நைனா அதே ரோஸ் கலரில் ஒரு புது பாட்டிலை வாங்கிவந்து, கண்ணாடி முன்னால் வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் திறக்கவே இல்லை, அது உள்ளுக்குள்ளேயே காய்ந்து போனது.

வேன் எப்போதோ பழைய இரும்பு எடைக்குப் போய்விட்டது. ஷெட் இருந்த இடத்தில் செல்போன் கடை வந்திருக்கிறது. கழற்றின பழசை இப்போது யாரும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை, சர்வீஸ் சென்டரில் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நைனாவின் கட்டிலுக்கு அடியில் மருந்துப் பெட்டி மட்டும் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வேலையிலிருந்து புத்தூருக்குப் போனபோது, லீவுக்கு அங்கே விட்டிருந்த என் மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நைனாவின் பத்து விரல் நகமும் ரோஸ் கலரில் இருந்தன. நான் பார்ப்பதைக் கண்டதும் கையை வேட்டி மடிப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

"பாப்பா வெளாட்டுக்கு வெச்சிடுச்சிமா" என்றார்.

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே போய் என் மகளின் கையைப் பிடித்துத் திருப்பி, அவள் நகத்தைப் பார்த்தேன்.