யான்புவுக்கு வந்த பனித்தண்ணீர்

சவூதியின் யான்புவில் கோடைக்காலத்தில் குளிர்ந்த தண்ணீரில் குளிக்க வேண்டுமா? ஹீட்டரை அணைத்துவிட்டு ஹீட்டர் குழாயைத் திறக்க வேண்டும். பச்சைத்தண்ணீர்க் குழாயைத் தெரியாமல் திறந்தீர்களோ, தோல் உரிந்துவிடும். மொட்டைமாடித் தொட்டி அப்படிக் கொதித்துக் கிடக்கும். வந்த புதிதில் இதை ஊருக்கு எழுதினேன். வெயில் என் மண்டைக்கு ஏறிவிட்டதென்று வீட்டில் பயந்துவிட்டார்கள். கோவில்பட்டித் தெருக்குழாயில் ஒரு குடத்துக்காகச் சண்டை போட்டு வளர்ந்தவன் நான். எண்பதுகளில் இங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் பிளாண்டின் லேபில் எனக்கு வேலை. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தால் மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுப்பார்.

எங்கள் என்ஜினியர் ஸ்வென் நார்வேக்காரர். ஒரு சித்திரையில் லீவு முடிந்து வந்தவர், மேசையில் ஒரு பாட்டிலை வைத்து, "மை லேக் இஸ் டையிங்" என்றார். லேக் என்பவர் அவருடைய பெரியப்பாவோ என்னவோ என்று நினைத்து, "அடப்பாவமே, என்ன வயசு?" என்று கேட்டேன். "ஐஸ் ஏஜிலிருந்து இருக்கிறது" என்றார். ஏரியைச் சொல்கிறார் என்று அப்புறம்தான் உறைத்தது.

அவர் சொன்ன கதை இது. ஐரோப்பாவின் புகைபோக்கிகள் கக்கும் கந்தகம் குளிர்காலம் முழுக்கப் பனியில் சேர்ந்து கிடக்கிறது. பனி இளகும்போது முதலில் கசியும் தண்ணீரிலேயே பெரும்பாலான அமிலமும் இறங்கி, ஓடை வழியாக ஏரிக்குப் போய்விடுகிறது. மீன்குஞ்சு பொரிக்கிற சமயமும் அதுதான். மீனெல்லாம் செத்தபிறகு ஏரி பளிங்காகத் தெளிந்துவிடுமாம். சுற்றுலா வருகிறவர்கள், "ஆகா, என்ன சுத்தம்!" என்று படம் பிடித்துப் போகிறார்களாம். எங்கள் மேனேஜரை அங்கே அனுப்பியிருந்தால் ஏரிக்கும் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார். அவர் பாட்டிலில் கொண்டுவந்திருந்த, பனி உருகிய அந்தத் தண்ணீரைப் பரிசோதித்தேன். ஊர்த் தக்காளியின் புளிப்பு அதில் இருந்தது.

அன்று மாலை நாங்கள் தங்கும் கேம்பில், "ஸ்வென் பனித்தண்ணி கொண்டாந்திருக்காரு" என்று வாயை விட்டேன். மறுநாள் பைப் ஃபிட்டர் சில்வெஸ்டர், கழுவிய இருமல் மருந்து பாட்டிலோடு லேபுக்கு வந்து நின்றான். தூத்துக்குடிக்காரன்.

"அண்ணாச்சி, இதுல கொஞ்சம் ஊத்துங்க."

"எதுக்குடே?"

கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பனிமய மாதா தண்ணில்லா? ரூம் ஜோசப் நாளைக்கு ஊருக்குப் போறான், குடுத்து விடுதேன். எம் பொஞ்சாதிக்கு ஏழு மாசம். முன்ன ரெண்டும் தங்கல. லீவு கேட்டா, விசா குடுத்த கஃபீல் மாஃபிங்கான், கெடையாதாம்."

தூத்துக்குடியில் என்றைக்கும் இந்தப் பனி பெய்ததில்லை. ஆனாலும் அந்த ஊருக்கே தாய் பனிமய மாதாதான். நான் பனி என்றதும் அவன் காதில் மாதா என்று விழுந்திருக்கிறது.

"குடுத்துராதடே. இதுல ஆசிட் இருக்கு."

"மாதா பனியில ஆசிட்டா? எந்தக் களவாணிப்பய கலந்தான்?"

ஜன்னலுக்கு வெளியே ஒரு கப்பல் கச்சா எண்ணெய் ஏற்றிக்கொண்டு நின்றது. "நாமதாம்டே அனுப்புதோம். அங்க எரிச்சுப் புகையா விடுதான்."

சில்வெஸ்டர் கப்பலையே பார்த்தபடி நின்றான். எனக்கோ அந்தக் கஃபீல் மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு மாதக்காரியைப் பார்க்கப் போகிறவனிடம் என்ன மாஃபி வேண்டிக்கிடக்கிறது!

"அப்ப நம்ம பிளாண்ட் தண்ணியக் குடுங்க, அண்ணாச்சி. நான் மாட்டுன குழாயில வந்ததுதான? நான்தான் போக முடியல."

பிடித்துக் கொடுத்தேன். "சப்புன்னு இருக்குமேடே" என்றேன்.

"எங்க ஊருல உப்புக்கா பஞ்சம்?" என்று சிரித்தான்.

மறுநாள் ஜோசப்பின் பைக்குள் தண்ணீர் லீவில் போயிற்று. சில்வெஸ்டர் டூட்டிக்குப் போனான்.