வேதனை என்று சொல்லிவிட்டேன்

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். வைத்தார்கள் என்றால் நான்தான் வைத்தேன். வலது கையைத் தூக்க முடியவில்லை என்பதால் இடது கையால் கிண்டினேன். என் கணவர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன் அல்லே? ஒண்ணும் இல்ல" என்றார்.

அந்த ஒண்ணும் இல்லாதது இரண்டு வருடமாக என் கழுத்தின் பின்னால் தொடங்கி, வலது தோள் வழியாக முழங்கை வரைக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. என் குழுவில் பதினைந்து பேர் இருந்தார்கள். இப்போது ஒன்பது பேர். வேலை மட்டும் பதினைந்து பேருடையதாகவே இருக்கிறது. டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இது மன அழுத்தத்தால் வருவது, வலி நிஜம்தான், ஆனால் எலும்பில் தேடினால் கிடைக்காது என்றார். மாத்திரை எழுதித் தந்து, வீட்டிலும் நண்பர்களிடமும் மனம் விட்டுப் பேசுங்கள் என்றும் சொன்னார். நல்ல மனுஷி. பாவம், அவருக்கு எங்கள் வீட்டாரைத் தெரியாது.

நான் ஒன்றும் பெரிதாக ஆசைப்படவில்லை. வலிக்கிறது என்று சொன்னால் "எங்கே?" என்று ஒரே ஒரு ஆள் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, சொன்னதை நம்ப வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் கணவரிடம் சொன்னேன். அவர் இந்த மலையாளத்து ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவருடைய தமிழில் பாதி மலையாளம், அந்த மலையாளத்தில் பாதி "சாரமில்ல." பரவாயில்லை என்று அர்த்தம். மழையில் ஸ்ரீவராகம் தெருத் தண்ணீர் வீட்டுப் படியேறினாலும் அவருக்குச் சாரமில்லைதான்.

"ஸ்ட்ரெஸ்ஸா? ஏசி ரூம்ல இருக்கிற உனக்கா? பின்னே, எனக்கு ஏன் வரல?"

அவர் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அவருக்கு ஏன் வரவில்லை என்று நான் விளக்கப் போனால் குடும்பத்தில் வேறு வலி ஆரம்பித்துவிடும். எழுந்து போய் இட்லிக்கு அரைத்தேன்.

அடுத்தது அலுவலகத் தோழி. மலையாளி, தங்கமான பெண். கேன்டீனில் என் கழுத்தை ஒரு பார்வை பார்த்ததும் தீர்ப்பு சொல்லிவிட்டாள்: நீரிறக்கம். குளித்துவிட்டுத் தலையைச் சரியாகத் துவட்டாமல் பஸ் ஏறினால், தலையில் நிற்கிற நீர் கழுத்துக்கு இறங்கிவிடுமாம். மறுநாள் உச்சந்தலையில் தேய்க்க ராஸ்னாதிப் பொடி ஒரு டப்பா கொண்டு வந்தாள். இது ஸ்ட்ரெஸ் என்று சொன்னேன். "அது எல்லார்க்கும் உண்டல்லோ" என்றாள், ரேஷன் கார்டு மாதிரி. பெங்களூரில் படிக்கிற மகளுக்கு ஒரு நீளமான செய்தி அனுப்பினேன். "ஓவரா யோசிக்காதம்மா" என்று இரண்டு வார்த்தையும் ஒரு சிவப்பு இதயமும் வந்தன. அவளுக்குப் பரீட்சை நேரம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது பாளையங்கோட்டையில் இருக்கும் என் அக்கா ஒருத்திதான். இங்கே ஒரு சின்னக் கதை சொல்ல வேண்டும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு டாக்டரிடம் போய், "வலி உண்டு சார்" என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் பணிவாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டார். இங்கே வலி என்றால் பீடி, சிகரெட் இழுப்பது. உடம்பு வலிக்கு இவர்கள் சொல்வது வேதனை. அன்றிலிருந்து நான் வலி என்ற சொல்லையே விட்டுவிட்டேன். தலை வேதனை, பல் வேதனை, பிரசவ வேதனை என்று இருபது வருடம் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ் பைபாஸில் நகராமல் நின்றது. தோள் தெறித்துக்கொண்டிருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, ரொம்ப வேதனையா இருக்குக்கா. ரெண்டு வருஷமா. யார்ட்ட சொல்லன்னே தெரியல."

 "ஏட்டி, போன வையி" என்றாள். வைத்தும்விட்டாள். கூடப் பிறந்தவளே இப்படியா என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் முன் சீட்டின் முதுகைக் குத்தினேன். அதற்கும் சேர்த்துத் தோள் வலித்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்கா ஒரு கூடையோடு இறங்கினாள். என்னை ஏறிட்டும் பார்க்காமல், பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, எந்திரிங்க. என் தங்கச்சிய என்ன செஞ்சீங்க?"

"நானா? நான் என்ன செஞ்சேன் மதினி?"

"ரெண்டு வருஷமா வேதனையில கெடக்கா. நீங்க பக்கத்துல இருந்து பேப்பரா படிக்கீங்க?"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அடுத்த ஒரு மணி நேரம் நான் மகாராணி. அவர் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு காபி போட்டுக் கொண்டு வந்தார். கேட்காமலே சீனி பார்த்துப் போட்டிருந்தார். பிறகு அடுக்களையில் உட்கார்ந்து சீனியவரைக்காய் நறுக்கினார். இருபது வருடத்தில் அந்தக் காட்சியை நான் பார்த்ததில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"குடிக்காரா? இல்ல, வேற எவளும்..."

அடுக்களையில் கத்தி கீழே விழுந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துத் தொலைத்ததில் உண்மையும் வந்துவிட்டது.

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா. வேதனைன்னா தோள்ல. இங்க வலியத்தான் அப்படிச் சொல்லுவாங்க."

"வலியா?" அக்கா என் கையை விட்டாள். "வெறும் வலிதானா? பேதியக் கெளப்பிட்டியே, மூதி! ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்ல எனக்கு."

அவர் அடுக்களையிலிருந்து வெளியே வந்தார். போன உயிர் முகத்தில் திரும்பியிருந்தது. "நான் சொல்லல்லியா மதினி? ஸ்கேன்லயே ஒண்ணும் இல்ல. சாரமில்ல." சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். பாதி நறுக்கிய காய் அப்படியே கிடந்தது. அக்கா என்னைப் பார்த்து, "தைலம் தேச்சி வெந்நி ஒத்தடம் குடுட்டி, சரியாப் போவும்" என்றாள். பிறகு அவரிடம் ரெண்டு மணிக்கு பஸ் உண்டா என்று விசாரித்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஓஹோ! வேதனைன்னா முத பஸ்ஸப் பிடிச்சி ஓடி வருவ. வலின்னா அடுத்த பஸ்ஸப் பிடிச்சி போயிருவ. அப்படித்தான? மனசு கஷ்டம்னா ஊரே கூடும், ஒடம்பு நோவுதுன்னா தைலமா? வலிக்கு வலிக்குன்னு கத்துதேனே, ஒருத்தராவது நம்புதீங்களா?"

கத்தும்போதே அழுகையும் வந்துவிட்டது. அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அக்கா நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள்.

"எனக்கு இடுப்பு ஆறு வருஷமா வலிக்குட்டி. எங்க டாக்டரும் இதேதான் சொன்னாரு. எலும்புல ஒண்ணும் இல்ல, மனசுதான்னு. அன்னைக்கு உனக்குத்தான் மொதல்ல போன் போட்டேன்."

"எனக்கா?"

"ஆமா. நீ ஏதோ மீட்டிங்ல இருந்த. 'வீட்ல சும்மாதான இருக்க, அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் நடந்து பாருக்கா'ன்னு சொன்ன. சரின்னு வச்சிட்டேன். அதுக்கப்புறம் யார்ட்டயும் சொல்லல."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. எவ்வளவு யோசித்தும் அந்தப் போன் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஆனால் அவள் சொன்ன வார்த்தைகள் என்னுடையவைதான். வலிக்கிறது என்று வருகிற என் குழுப் பிள்ளைகளிடமும் கொஞ்சம் நட என்றுதான் நான் சொல்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

"இப்பவும் வலிக்காக்கா?"

"நாகர்கோவில்ல பஸ் மாறுனதுலருந்து நின்னுக்கிட்டே வந்திருக்கேன். வலிக்காம என்ன செய்யும்?"