தனலட்சுமியின் சாப்பாட்டு நேரம்

குழந்தைகள் ஆபரேஷன் வார்டில் வேலை பார்க்கும் நர்சுகளுக்கு, பிழைத்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் நாள்தான் திருநாள். அதற்குப் பிறகு அது எப்படிச் சாப்பிட்டது, எப்படி வளர்ந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரிவதில்லை. வார்டில் காலம் தள்ளிய உங்களுக்கும் இது புதிதாக இருக்காது. தனலட்சுமி மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்ததால், அவள் கதை எனக்குத் தெரிந்துபோனது.

இறங்கிய பால்

எழுபதுகளின் தொடக்கம். மதுரையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கோச்சடையில் விவசாயம் பார்க்கும் ராக்கம்மா, பிறந்த மறுநாளே பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். வாயில் நுரை நுரையாகத் தள்ளியது. கொடுத்த பால் மூக்கு வழியே வந்தது. உணவுக்குழாய் பாதியிலேயே மூடி நின்றிருந்தது. கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு ஒட்டிக்கிடந்தது. அந்தக் காலத்தில் இப்படிப் பிறந்த பிள்ளைகளில் பல எங்கள் கையிலேயே போய்விட்டன. இது தங்கியது.

நெஞ்சைத் திறந்து இரண்டு பாதியையும் இணைத்த டாக்டர், புண் ஆறிய பிறகு பால் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நான் பாலாடையில் கொஞ்சமாக ஊற்றினேன். ராக்கம்மா பிள்ளையின் கழுத்தோரம் காதை வைத்துக்கொண்டார். அப்படியே அழுதார்.

"எறங்குற சத்தம் கேக்குது சிஸ்டர்."

ஜன்னலோரம்

தைத்த இடம் சுருங்கிக்கொண்டே வரும். அப்போதெல்லாம் மயக்கம் கொடுத்து, வாய் வழியே ரப்பர் குழாயை இறக்கி விரித்துவிட வேண்டும். அதற்காகத்தான் அவள் வந்துகொண்டிருந்தாள். இதோடு கூடவே பிறந்த இருமல் ஒன்றும் அவளை விட்டுப் போகவில்லை. நாய் குரைக்கிற மாதிரி கணீரென்ற இருமல்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் டீச்சர் பயந்துவிட்டார். தொத்து வியாதி இல்லை என்று ராக்கம்மா நேரில் போய்ச் சொன்னார். டீச்சர் தலையாட்டினார், பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொன்னதை மட்டும் மாற்றவில்லை. தனலட்சுமி என்னிடம் பெருமையாகச் சொன்னாள்:

"டீச்சர் எனக்கு மட்டும் ஜன்னலோரமா தனி எடம் குடுத்துருக்காங்க சிஸ்டர். எனக்குக் காத்து வேணுமாம்."

கறித்துண்டு

மாமா வீட்டுக் காதுகுத்து. ஊரே இலை போட்டுக் கறிச்சோறு சாப்பிட்டது. அவளுக்கு மட்டும் ரசத்தில் குழைத்த சோறு, உள்வீட்டில். யாரும் பார்க்காதபோது ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டிருக்கிறாள். அது பாதியில் மாட்டிக்கொண்டது. எச்சில்கூட உள்ளே போகவில்லை. வடித்துக்கொண்டே வந்தாள். ராக்கம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

டாக்டர் மயக்கம் கொடுத்து எடுத்துவிட்டார். கண் விழித்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"ருசி தெரிஞ்சுச்சு சிஸ்டர். அம்மாட்ட சொல்லிராதீக."

பெண் பார்த்தவர்கள்

எண்பதுகளின் கடைசியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பழங்காநத்தத்துப் பையன், லேத் பட்டறையில் வேலை. முதுகோரம் இருக்கும் தழும்பை மறைத்துவிடலாம் என்று ராக்கம்மா நினைத்தார். தனலட்சுமி மாட்டேன் என்றாள். பையனின் அம்மாவிடம் அவளே எல்லாவற்றையும் சொல்லி, "சந்தேகம்னா சிஸ்டர்ட்டயே கேளுங்க" என்று என்னிடம் அனுப்பிவைத்தாள்.

அந்த அம்மா மரியாதையாகத்தான் கேட்டார். மெதுவாகச் சாப்பிடுவாள், வாய்க்கு வாய் தண்ணீர் குடிப்பாள், மற்றபடி குடும்பம் நடத்த ஒரு தடையும் இல்லை என்றேன். "தங்கமான பிள்ளதான்" என்று சொல்லி எழுந்து போனார். பிறகு சேதி வரவில்லை. கொஞ்ச நாள் கழித்துத் தனலட்சுமி வந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் அவளே சொன்னாள்:

"அவுகளுக்கு என்னையப் பிடிச்சுத்தான் இருந்துச்சு சிஸ்டர். பொண்ணு பாக்க வந்தப்ப நான் சாப்பிடுறதப் பாத்தாகல்ல, அதுதான் பிடிக்கல."

கப்பலூர்

அதற்குப் பிறகு கப்பலூரில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அடுத்த முறை பார்த்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். கம்பெனியில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி, கதையும் பேசி முடிப்பார்கள். இவள் டப்பாவில் பாதிச் சோறு கிடக்கும்போதே மணி அடித்துவிடும். மூடி வைத்துவிட்டு மிஷினுக்கு ஓடுவாள். பல நாள் சாப்பாடே கொண்டுபோவதில்லை.

மறுபடியும் குழாய் சுருங்கியிருந்தது. விரித்துவிட்டோம். சூப்பர்வைசரிடம் இன்னும் கொஞ்சம் நேரம் கேட்டு வாங்கிக்கொள், வேண்டுமானால் டாக்டரிடம் சீட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சிரித்தாள்.

"கேட்டா ஏன்னு கேப்பாக. பொறந்ததுலருந்து அதுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போச்சு சிஸ்டர்."

"மெதுவா, மென்னு சாப்பிடு" என்று அவளுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் வேலைக்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த நான், என் சாப்பாட்டை மட்டும் அத்தனை வருஷமும் மணி பார்த்து நின்றபடியே விழுங்கி முடித்தேன்.