அவள் அழைத்துப் போகாத ஓட்டு

நெஸ்டா ப்ராஸர் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். அதைவிட நீண்ட காலம் லான்வெரிக் ஊரில் கட்சியின் கிளைச் செயலாளர். தேர்தலன்று நடக்க முடியாதவர்களைத் தன் காரில் வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போவாள். யாருக்கு ஓட்டு என்று கேட்டதே இல்லை. நிலக்கரிச் சுரங்கம் மூடிய பிறகும் கட்சி மாறாத பள்ளத்தாக்கு அது.

அந்தக் கோடையில் எம்.பி. இறந்துபோனார். அக்டோபரில் இடைத்தேர்தல். கட்சித் தலைமை லண்டனிலிருந்து ஓர் இளைஞரைக் கொண்டுவந்து நிறுத்தியது. துண்டறிக்கையோடு நெஸ்டா போனபோது, தேர்தல்தோறும் அவள் காரில் ஓட்டுப் போட வரும் இட்வல் அதை வாங்கவில்லை. எண்பத்து நாலு வயது. நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டவர். நாலு படி இறங்கினாலே மூச்சு வாங்கும்.

"நம்ம ஊர் பேரே அவன் வாயில நுழையலையேம்மா! இந்தத் தடவை எதிர்க்கட்சிப் பொண்ணுக்குத்தான். கோவிச்சுக்காதே."

"கழுதையை நிறுத்தினாலும் நாங்கதான் ஜெயிப்போம் மாமா."

"அதான் நிறுத்திட்டீங்களே!" சிரிப்பு இருமலாக மாறியது. "நாலு மணிக்கு வந்துடுவே இல்ல?"

"வராம எங்க போவேன்?"

வாக்குப்பதிவன்று காலையிலிருந்தே மழை. நாலு மணிக்கு இட்வலின் தெருமுனை வரை வந்துவிட்டாள். முப்பது வருடம் வீடு வீடாக அலைந்துவிட்டு, எதிராளியின் ஓட்டை நானே சுமந்துகொண்டு போவதா? காரைத் திருப்பினாள். பிறகு வரலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் கைபேசியை அணைத்தபோதே, வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஒன்பதாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் கட்சி ஜெயித்தது. மறுநாள் கிளப்பில் எல்லோரும் குடித்துக் கொண்டாடினார்கள். நெஸ்டா தன் கோப்பையை அப்படியே வைத்தாள். எழுந்து நேராக இட்வல் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்பாடா! மூணு தடவை போன் பண்ணேன். மழையில எங்கேயாவது மோதிட்டியோன்னு பயந்தே போயிட்டேன். பக்கத்து வீட்டு கெரித்தை அனுப்பி, உன் வாசல்ல கார் நிக்குதான்னு பார்த்துட்டு வரச் சொன்னேன். கார் மக்கர் பண்ணிடுச்சா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். "கார் நல்லாத்தான் இருந்துச்சு மாமா. நான்தான் வரல."

இட்வல் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "இருபத்தோரு வயசுலேர்ந்து ஒரு ஓட்டு விட்டதில்ல நான். ஒன்பதாயிரத்துல என் ஒரு ஓட்டு என்ன பண்ணியிருக்கும், நெஸ்டா?"

"ஒண்ணும் பண்ணியிருக்காது."

"அப்புறம் ஏன்?"

அவர் திட்டவில்லை. எழுந்து, மூச்சு வாங்க அவளுக்கும் சேர்த்துத் தேநீர் போட்டார். அதைக் குடித்து முடிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த மாதமே, முழங்கால் வலி என்று சொல்லிச் செயலாளர் பதவியை விட்டாள். கார் ஓட்டுவதை மட்டும் விடவில்லை. மே மாதம் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, முதல் ஆளாக இட்வல் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"தபால்லயே போட்டுட்டேன்ம்மா. இனிமே எப்பவும் அப்படித்தான், எழுதிக் கொடுத்தாச்சு. யாருக்கும் சிரமம் இல்ல பாரு." குரலில் கோபமே இல்லை. "நீ போய் மத்தவங்களைக் கவனி."

நெஸ்டா காருக்குள் வந்து உட்கார்ந்தாள். பிறகு பட்டியலில் அடுத்த வீடு எது என்று பார்த்தாள்.