சிவப்புக் கோடு

ஜெயமணியை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பலரும் வெட்கங்கெட்டவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அன்றைக்கு அவள் வெட்கப்பட்டிருந்தால் என் கழுத்தில் தாலி இருந்திருக்காது.

இலங்கையிலிருந்து நிக்கோபாரில் உள்ள கட்சால் தீவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்கு வந்தவர்களில், துணையில்லாமல் வந்தவள் அவள் ஒருத்திதான். டிஸ்பென்சரியைக் கூட்டித் துடைக்கிற வேலை. அங்கே சுவரில் தோலில்லாத மனிதன் படம் ஒன்று, உடம்பெல்லாம் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள். எழுத்து தெரியாத ஜெயமணி டாக்டரைக் குடைந்து எடுத்துவிடுவாள். சிவப்பு, இருதயத்திலிருந்து ரத்தம் போகிற வழி. நீலம், திரும்பி வருகிற வழி. விரலால் தடவித் தடவியே மனப்பாடம் செய்திருந்தாள்.

எழுபத்தாறில் ஒரு காலை, காடு வெட்டும்போது கோடாலி வழுக்கி என் வீட்டுக்காரர் கோவிந்தராஜின் தொடையில் இறங்கியது. டிஸ்பென்சரிக்குத் தூக்கி ஓடினோம். டாக்டரோ அடுத்த தீவில். அவரைக் கூட்டிவரப் படகு போனது.

"நரம்பு அறுந்துபோச்சு, இறுக்கிக் கட்டுங்கடா" என்றார் மேஸ்திரி சிவஞானம். நாங்கள் எல்லாவற்றையும் நரம்பு என்றுதானே சொல்வோம்! கட்டிய துணி நனைந்து சொட்டியது.

ஜெயமணி துடைப்பத்தை வீசிவிட்டு வந்தாள். "என்னா நரம்பு? துள்ளித் துள்ளி அடிக்குது, கண்ணு தெரியலையா? இது சிவப்பு. மேல மடையை அடைக்கணும்!"

என் வீட்டுக்காரர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை ஒதுக்கி, தொடை இடுப்போடு சேருகிற இடத்தில் முஷ்டியை வைத்து முழு பலத்தோடு அழுத்தினாள். பீய்ச்சல் நின்றது.

"சீ, பொம்பளையா நீ? கைய எடு!" என்று கத்தினார் மேஸ்திரி.

"எடுத்தா இந்த மனுசன் செத்துருவாரு. வெக்கமா இருந்தா நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

மேஸ்திரி அவளை இழுக்க வந்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ, குறுக்கே பாய்ந்தேன். "அவ மேல கை பட்டுச்சு, நடக்குறதே வேற!"

அவள் கைமேல் என் கையையும் வைத்து அழுத்தினேன். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்து தையல் போட்டார். அப்போதும் அவள் விரல்கள் விரியவில்லை.

மூன்று மாதம் கழித்து என் வீட்டுக்காரர் தன் காலால் நடந்தே, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போனார். பேர் கூப்பிட நின்ற மேஸ்திரி, எல்லார் முன்னாலும் இளித்தார். "கோவிந்தராஜு, ஜெயமணி எங்கப்பா கை வச்சா?"

கூட்டம் சிரித்தது. வாளியோடு அந்தப் பக்கம் போன ஜெயமணி நின்றாள்.

"ஒங்களுக்கும் அதே எடத்துலதான் சிவப்பு ஓடுது மேஸ்திரி. வெட்டுப்பட்டா வாங்க, அங்கயும் வைப்பேன்."

அன்றைக்கு மேஸ்திரி பாதிப் பேர்களைக் கூப்பிட மறந்துபோனார்.