98, எக்ஸ்பி, ஒரு கல்யாண ஜாக்கெட்

பழைய கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிற தொழிலில் பாதி நேரம், அது திறக்கிற வரைக்கும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். ராத்திரியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். பகலில் தூக்கம் வராத குறைக்கு இதை நானாகவே கற்றுக்கொண்டேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு சிஸ்டம் ஏற்றி வைத்து அவதிப்படுகிறவர்களே, இது உங்களுக்குத்தான்.

ஏன் இரண்டு?

என் மனைவி மல்லிகா முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே ஜாக்கெட்டுக்கு எம்ப்ராய்டரி போடுகிறாள். மெஷின் செகண்ட் ஹேண்ட். அதற்கான டிசைன் புரோகிராம் விண்டோஸ் 98-இல்தான் ஓடும். டிசைன்களோ பென் டிரைவில் வருகின்றன. உலகத்தில் பென் டிரைவ் என்று ஒன்று இருப்பதே எங்கள் 98-க்குத் தெரியாது. அதற்கு, பின்னால் வந்த எக்ஸ்பி வேண்டும். எக்ஸ்பியில் வாங்கி, இரண்டுக்கும் பொதுவான டிரைவில் போட்டு, அணைத்து, 98-ஐத் திறந்து, பிளாப்பியில் ஏற்றி மெஷினுக்கு ஊட்ட வேண்டும்.

இதை ஷிப்டில் சொன்னேன். பக்கத்து பிரஸ்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரே ஊட்ல ரெண்டு குடித்தனம். சண்ட வராம இருந்தா சரி நைனா."

அடுப்பும் மெனுவும்

திறக்கும்போது 98-ஆ எக்ஸ்பியா என்று ஒரு மெனு கேட்கும். பதில் சொல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகவே எக்ஸ்பிக்குள் போய்விடும். மல்லிகா குழம்பைச் சிம்மில் வைத்துவிட்டு ஓடி வருவதற்குள் அது போயிருக்கும். மறுபடி அணை, மறுபடி திற. ஒருநாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஆவடி பஸ்ஸே எனக்காவ இத்த விட ஜாஸ்தி நேரம் நிக்குதுய்யா."

நான் செய்த உபகாரம்

காட்டுப்பாக்கத்தில் ஒரு பெண்ணுக்கு மறுநாள் கல்யாணம். ஜாக்கெட் முதுகில் மயில் போட்டு அன்று சாயங்காலம் கொடுக்க வேண்டும். இது நன்றாக அமைந்தால் அந்தத் தெருவே நம்மிடம் வரும் என்று மல்லிகா கனவு கண்டுகொண்டிருந்தாள். அன்றைக்குப் பார்த்து 98 நொண்டியது. அவள் ஜரிகை நூல் வாங்கப் போன நேரத்தில் 98-ஐப் புதிதாக ஏற்றிவிட்டேன்.

விவரம் தெரிந்தவர்கள் இதற்குள் தலையில் கை வைத்திருப்பீர்கள். பழையதை முதலில், புதியதை அடுத்து ஏற்ற வேண்டும். மாற்றிச் செய்தால், தன்னை விட்டால் வேறு ஆளே இல்லை என்று பழையது மெனுவைத் துடைத்துவிடும். எக்ஸ்பி அழியவில்லை, உள்ளேயே கிடக்கிறது, போக வழிதான் இல்லை. பொது டிரைவில் இன்னும் போடாத மயிலும் அதற்குள்தான் கிடக்கிறது.

மல்லிகா வந்து திரையைப் பார்த்தாள். "இன்னாய்யா, கேள்வியே கேக்காம தொறக்குது? நல்லா பண்ணிகீறியா, நாசம் பண்ணிகீறியா?"

காக்காய்க்குக் கட்டிய சிடி

எக்ஸ்பி சிடி இருந்தால் அந்த மெனுவை மீட்டுவிடலாம். பீரோ, பரண், கட்டிலுக்கு அடியில், எங்கும் இல்லை. மல்லிகாவின் தம்பி பாபுவுக்குப் போன் போட்டேன்.

"மாமே, அது உங்க மொட்டமாடில தொங்கிக்கினு கீதே. வடாத்துக்கு காக்கா வராம அக்காதான் கட்டச் சொல்லுச்சு."

ஏறிப் போய் அவிழ்த்து வந்தேன். வெயிலில் வெளுத்திருந்தது. உள்ளே போட்டதும் ஊளையிட்டது, பிறகு அதுவும் இல்லை. "ஆனா ஒண்ணு மாமே," என்றான் இன்னும் போனை வைக்காத பாபு, "ஒரு வடாம் கூட போகல."

இன்னா பறவை?

மல்லிகா என்னை நகர்த்திவிட்டு 98-இன் முன்னால் உட்கார்ந்தாள். அதில் அன்னமும் மாங்காயும்தான் இருந்தன. அன்னத்தின் கழுத்தை வெட்டி எடுத்தாள். அதற்குக் கீழே மாங்காய்களைத் தோகை போல விரித்தாள். மெஷின் தைத்து முடிக்கவும் பெண்ணின் அம்மா வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

அந்தம்மா ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மல்லிகா நூல் சுற்றுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சுவரோடு சுவராக நின்றேன்.

"இன்னா பறவம்மா இது? மயிலும் இல்ல, அன்னமும் இல்ல," என்றவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "மயிலு எல்லா பொண்ணு முதுவுலயும் கீது. பெரியவளுக்கும் இதே போட்டுக் குடு, வளகாப்பு வருது."

இரண்டை ஒன்றாகச் சேர்த்து ஓட வைக்கிற வித்தை எங்கள் வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும் என்பதால், இப்போதெல்லாம் அவள் நூல் வாங்கப் போகும்போது கம்ப்யூட்டரின் பவர் கேபிளையும் பையில் போட்டுக்கொண்டு போகிறாள்.